நடக்காத பிள்ளைக்கு இடுப்பில் பிளேட் எதற்கு?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஏழு வயது மகள், பெருமூளை வாதம், சொந்தமாக நடப்பதில்லை, சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்குப் போகிறாள். வலது இடுப்பு மூட்டின் பந்து (தொடை எலும்பின் உருண்டைத் தலை) இடுப்பெலும்பின் கிண்ணத்திலிருந்து 55 சதவீதம் வெளியே வந்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தொடை எலும்பை வெட்டித் திருப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்க வேண்டும் என்கிறார்கள். நீங்கள் வரிசையாகக் கேட்டிருப்பது மூன்று: வளர்கிற பிள்ளையின் எலும்பில் உலோகம் வைத்தால் வளர்ச்சி நின்றுவிடாதா, ஸ்டீல் நல்லதா டைட்டானியம் நல்லதா, பிறகு அதைக் கட்டாயம் எடுக்க வேண்டுமா. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எப்படியும் நடக்கப் போவதில்லை என்கிறார்கள், அப்புறம் இவ்வளவு பெரிய ஆபரேஷன் எதற்கு?" நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குழந்தைகளுக்கான எலும்பு அறுவை சிகிச்சையை இருபது வருடங்களுக்கு மேலாகச் செய்துவருகிறேன். அதில் பெரும்பகுதி உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளின் இடுப்புதான். ஆனால் உங்கள் மகளை நான் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயையும் பார்க்கவில்லை. அவளுக்கு இந்த அறுவை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு அவளைத் தொட்டுப் பார்த்த மருத்துவரும் நீங்களும் சேர்ந்து எடுக்க வேண்டியது. அந்தப் பேச்சுக்கு நீங்கள் கொஞ்சம் விவரத்தோடு போக வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் நல்ல இடுப்போடுதான் பிறக்கிறார்கள். கோளாறு மூளையில்தான், எலும்பில் இல்லை. பிறந்த குழந்தையின் தொடை எலும்புக் கழுத்து, அதாவது பந்தையும் தொடை எலும்பின் தண்டையும் இணைக்கும் பகுதி, தண்டோடு 140, 150 டிகிரி என்று நிமிர்ந்து நிற்கும், சுமார் 40 டிகிரி முன்பக்கமாகத் திருகியும் இருக்கும். மற்றப் பிள்ளைகள் எழுந்து நின்று, ஓடி, விழுந்து வளர வளர அந்தக் கோணம் 130-க்கு அருகில் இறங்கிவிடும், திருகலும் 15 டிகிரி அளவுக்குக் குறைந்துவிடும். நிற்காத பிள்ளைக்கு அந்த மாற்றம் நடப்பதில்லை. கூடவே உள்தொடைத் தசைகளும் இடுப்பை மடக்கும் தசைகளும் இரவு பகலாக இறுகிப் பிடித்து இழுக்கின்றன. பந்து கிண்ணத்தின் நடுவை விட்டு விளிம்பை நோக்கி நகர்கிறது. ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி நடுவில் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் குழி உருண்டையாக இருக்கும். குழவி ஒரு பக்கமாகச் சாய்ந்து விளிம்பையே தேய்த்தால் அந்த விளிம்பு மழுங்கிப்போகும். குழந்தையின் இடுப்புக் கிண்ணமும் அப்படித்தான், பந்து இருக்கிற இடத்துக்கு ஏற்றபடிதான் அது வளர்கிறது.

இது எத்தனை பேருக்கு வருகிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளில் 35 சதவீதம் பேருக்கு இடுப்பு விலகியிருந்தது. அவர்களின் நடமாடும் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிப்பது வழக்கம். நன்றாக நடக்கும் முதல் நிலையில் ஒருவருக்குக்கூட விலகவில்லை. தலையைக்கூடத் தாங்க முடியாத ஐந்தாம் நிலையில் 90 சதவீதம் பேருக்கு விலகியிருந்தது. உங்கள் மகளுக்கு வந்தது நீங்கள் எதையோ செய்யத் தவறியதால் இல்லை. பிசியோதெரபிக்கு இன்னும் அடிக்கடி கூட்டிப்போயிருந்தால் இது வந்திருக்காது என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த 55. எக்ஸ்ரேயில் கிண்ணத்தின் வெளி விளிம்பிலிருந்து தூக்குக் குண்டு விட்டதுபோல ஒரு கோடு இழுப்போம். பந்தின் அகலத்தில் எத்தனை பங்கு அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்பதுதான் கணக்கு. 30 வரை கவனித்துக்கொண்டிருப்போம். 40-ஐத் தாண்டினால் அறுவை பற்றிப் பேச ஆரம்பிப்போம். 50-க்கு மேல் போன இடுப்பு கட்டுப்போட்டோ, ஊசி போட்டோ, பயிற்சி கொடுத்தோ தானாக உள்ளே திரும்புவதை எதிர்பார்க்க முடியாது. அப்படியே விட்டால் பெரும்பாலும் முழுவதுமாக வெளியே போகும். வெளியே போன பந்து இடுப்பெலும்பில் உரசி ஒரு பக்கம் தட்டையாகி, மேலே இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிடும். அந்த நிலைக்குப் போன பிறகு பிளேட் வைத்துப் பந்தை உள்ளே தள்ளினாலும் அது நல்ல மூட்டாக வேலை செய்யாது.

சரி, நடக்காத பிள்ளைக்கு அதனால் என்ன? இங்கேதான் நானும் இளவயதில் தவறாக நினைத்திருந்தேன். இடுப்பு நடப்பதற்கு மட்டுமில்லை, உட்காருவதற்கும் வேண்டும். ஒரு பக்கம் விலகினால் இடுப்பெலும்பு சாய்ந்துவிடும். நாற்காலியில் ஒரு பிட்டத்தின் மீதே எடை முழுதும் விழும், அங்கே தோல் புண்ணாகும். கால்கள் இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். கால் விரியாவிட்டால் டயபர் மாற்ற முடியாது, கழுவ முடியாது. உங்கள் மகள் இன்னும் ஐந்தாறு வருடத்தில் வயதுக்கு வந்துவிடுவாள். அப்போது மாதாமாதம் அவளுடைய அம்மா என்ன பாடுபடுவார் என்பதை வெளிநோயாளர் பிரிவில் எத்தனையோ தாய்மார்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு வலி. விலகிய இடுப்பு எல்லோருக்கும் வலிப்பதில்லை. எந்தப் பிள்ளைக்கு வலிக்கும் என்று ஏழு வயதில் முன்கூட்டியே சொல்லவும் முடியாது. ஆனால் வலிக்கிறவர்களின் எண்ணிக்கை குறைவில்லை. பேச முடியாத பிள்ளை அந்த வலியை அழுகையாகவும் தூக்கமின்மையாகவும்தான் சொல்கிறது. வீட்டில் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே உங்கள் மருத்துவர் சொன்ன அறுவையின் நோக்கம் நடக்க வைப்பது இல்லை. நிமிர்ந்து உட்காரவும், கால் விரியவும், வலியில்லாமல் தூங்கவும் வைப்பதுதான். இதை நீங்களும் மருத்துவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை வாய்விட்டுப் பேசிவிடுங்கள். "ஆபரேஷன் பண்ணினால் நடந்துவிடுவாள்" என்ற நம்பிக்கையில் கையெழுத்துப் போட்ட குடும்பங்கள் அறுவை நன்றாக முடிந்தும் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், அப்போதுதான் பிளேட்டின் வேலை புரியும். தொடையின் வெளிப்பக்கம் நீளவாக்கில் கீறி, தசையை ஒதுக்கி எலும்பைக் காண்போம். சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு மெல்லிய கம்பியை எலும்புக் கழுத்தின் நடுவில் செலுத்துவோம். அந்தக் கம்பி எந்தச் சாய்வில் போகிறதோ அதை வைத்துத்தான் பின்னால் வரும் எல்லாம். அது மூன்று மில்லிமீட்டர் தவறினால் பிளேட்டும் தவறும், அதனால் இரண்டு மூன்று முறை உருவி மறுபடி போடத் தயங்குவதில்லை. பிறகு கழுத்துக்குக் கீழே ரம்பத்தால் எலும்பை வெட்டுவோம். சூட்டில் எலும்பு கருகாமல் இருக்க உதவியாளர் சலைன் நீரை ஊற்றிக்கொண்டே இருப்பார். நிமிர்ந்து நின்ற கழுத்தைச் சாய்த்து, முன்பக்கத் திருகலைத் திருப்பி, பெரும்பாலும் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மோதிரம் போல ஒரு துண்டையும் எடுத்துவிடுவோம். எலும்பு குட்டையானால் இறுகிய தசைகள் தளரும், பந்து அழுத்தமில்லாமல் கிண்ணத்துக்குள் உட்காரும். கிண்ணமும் ஆழமில்லாமல் இருந்தால் அதன் கூரையை வளைத்து இறக்கி, அந்த இடைவெளியில் தொடையிலிருந்து எடுத்த அதே துண்டை ஆப்பு போல வைத்துவிடுவோம். பிள்ளையின் எலும்பே பிள்ளைக்குத் தூணாகிறது. அந்த ஆப்புக்குப் பெரும்பாலும் உலோகம் எதுவும் தேவைப்படாது.

இவ்வளவும் செய்த பிறகுதான் பிளேட் வருகிறது. வெட்டிய இரண்டு துண்டுகளையும் நாம் நினைத்த கோணத்தில் அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. எலும்பை ஒட்டவைப்பது பிளேட் இல்லை, உடம்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் புது எலும்பு படர்ந்துவிடும், மூன்று மாதத்துக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெட்டு நன்றாகக் கூடிவிடும். அதற்குப் பிறகு பிளேட் உள்ளே சும்மா இருக்கிறது. கான்கிரீட் இறுகியபின் நிற்கும் சாரம் மாதிரி.

இந்தப் பிளேட்டுகளில் இரண்டு வகை உங்கள் காதில் விழுந்திருக்கும். பழையது பிளேடு பிளேட். 1958-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் ஒன்றுகூடி, எலும்பு முறிவு சிகிச்சைக்கான ஏஓ என்ற அமைப்பைத் தொடங்கிய மருத்துவர்களின் மரபில் வந்தது. உளி போன்ற அலகு எலும்புக் கழுத்துக்குள் இறங்கும், மற்ற பாதி தொடை எலும்போடு ஒட்டி நிற்கும். புதியது லாக்கிங் பிளேட். இதில் ஸ்க்ரூவின் தலையிலும் மரை இருக்கும், அது பிளேட்டின் ஓட்டையிலுள்ள மரையில் இறுகிப் பூட்டிக்கொள்ளும். சாதாரண ஸ்க்ரூ பிளேட்டை எலும்போடு அழுத்திப் பிடிக்கிறது, எலும்பு மெலிந்திருந்தால் பிடி தளரும். பூட்டிக்கொள்ளும் ஸ்க்ரூவில் பிளேட்டும் ஸ்க்ரூவும் ஒரே சட்டமாகிவிடுவதால் மெலிந்த எலும்பிலும் தாக்குப்பிடிக்கும். நிற்காத பிள்ளைகளுக்கு, அதிலும் வலிப்பு மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிடும் பிள்ளைகளுக்கு, எலும்பு மெலிந்துதான் இருக்கும். அதனால் நான் பெரும்பாலும் லாக்கிங் பிளேட்டையே எடுக்கிறேன். ஆனால் பிளேடு பிளேட் போட்டால் பிள்ளை மோசமாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். இரண்டிலும் எலும்பு நன்றாகவே கூடுகிறது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் பழைய கோப்புகளைப் புரட்டிச் செய்தவை, அவற்றை வைத்து ஒன்றுதான் மேல் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிளேடு பிளேட்டில் கை பழகிய மருத்துவரிடம் அதையே விடுவதுதான் உங்கள் மகளுக்கு நல்லது.

இப்போது வளர்ச்சி. குழந்தையின் எலும்பு நீளமாவது இரு முனைகளிலும் இருக்கும் வளர்ச்சிக் குருத்தெலும்பில். தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் முழங்கால் பக்க முனையிலிருந்தும் 30 சதவீதம் இடுப்புப் பக்க முனையிலிருந்தும் வருகிறது. முழங்கால் பக்கத்தை இந்த அறுவை தொடுவதே இல்லை. இடுப்புப் பக்கத்தில் வளர்ச்சிக் குருத்தெலும்பு பந்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இருக்கிறது. பிளேட் அதற்குக் கீழே தொடையில் நிற்கிறது, கழுத்துக்குள் போகும் ஸ்க்ரூக்களின் முனை அந்தக் குருத்தெலும்புக்கு முன்பே நின்றுவிட வேண்டும். திரையில் பார்த்து, இடம் விட்டு நிறுத்துவோம். அப்படி நிறுத்தினால் வளர்ச்சி நிற்பதில்லை, இதைத் தைரியமாகச் சொல்கிறேன். அறுவைக்கு அடுத்த நாள் எடுக்கும் எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கி, "ஸ்க்ரூ முனை எங்கே நிற்கிறது, வளர்ச்சிக் கோடு எங்கே இருக்கிறது" என்று காட்டச் சொல்லுங்கள். பந்தின் அடியில் கறுப்பாக வளைந்து போகும் அந்தக் கோடு உங்கள் கண்ணுக்கே தெரியும். அந்தக் கால் சற்றுக் குட்டையாகும் என்பது உண்மைதான். ஆனால் அது நாம் எடுத்த துண்டாலும் சாய்த்த கோணத்தாலும் வருவது, உலோகத்தால் இல்லை.

உங்கள் பயத்துக்கு வேறு ஒரு காரணமும் இருக்கலாம். "இடுப்பு ஸ்க்ரூ வளர்ச்சியை நிறுத்தும்" என்று எங்கேயோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பொய் இல்லை, ஆனால் வேறு நோயைப் பற்றியது. பதின்வயதில், பெரும்பாலும் எடை கூடிய பிள்ளைகளுக்கு, பந்து அந்த வளர்ச்சிக் குருத்தெலும்பிலிருந்து வழுகிவிடும். அப்போது ஒரே ஒரு தடித்த ஸ்க்ரூவை வேண்டுமென்றே குருத்தெலும்பைக் கடந்து பந்துக்குள் செலுத்துவோம். அங்கே அந்த இடத்தின் வளர்ச்சி நின்று, பந்து ஒட்டிக்கொள்வதுதான் சிகிச்சையே. (இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நொண்டிக்கொண்டே முழங்கால் வலி என்று சொன்னால் இடுப்பையும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வழுகிய இடுப்பின் வலி முழங்காலில் தெரியும், அதனாலேயே வாரக்கணக்கில் தவறவிடப்படுகிறது.) தொடை எலும்புக் கழுத்து முறிந்த பிள்ளைகளுக்கும் சில சமயம் ஸ்க்ரூ அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டி வரும். அங்கே எலும்பு அசையாமல் நிற்பதுதான் முக்கியம், கொஞ்சம் வளர்ச்சி போனாலும் பரவாயில்லை என்று எடுக்கும் முடிவு அது. உங்கள் மகளின் கதை இது இரண்டும் இல்லை.

ஸ்டீலா டைட்டானியமா என்பதற்கு மருத்துவமனையில் இரண்டு விலை சொல்லியிருக்கிறார்கள், விலை கூடினதுதான் நல்லதாக இருக்கும் என்று எந்தப் பெற்றோருக்கும் தோன்றும். எலும்பு கூடுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மருத்துவ ஸ்டீல் என்பது 316எல் வகை. சமையலறைப் பாத்திரத்துக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் துருப்பிடிக்காமல் உடம்புக்குள் இருக்கத் தக்கபடி தயாரிக்கப்பட்டது. டைட்டானியம் எடை குறைவு, வளையும் தன்மையில் எலும்புக்குச் சற்று அருகில் நிற்கிறது, பின்னால் இடுப்பில் எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் படத்தைக் குறைவாகக் கெடுக்கும். ஆனால் குழந்தைகளிடம் அதற்கு ஒரு குணம் உண்டு: எலும்பு அதை நேசித்துப் பற்றிக்கொள்ளும், மேலே படர்ந்துவிடும். பூட்டிய ஸ்க்ரூ பிளேட்டோடு உறைந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. பின்னால் எடுக்கிறதாக இருந்தால் ஸ்டீல்தான் சுலபமாக வரும். வெளியே எடுக்கப் போகிற பிளேட்டுக்கு நான் ஸ்டீலையே விரும்புகிறேன். ஒரே விதிவிலக்கு நிக்கல். 316எல்லில் நிக்கல் இருக்கிறது. உங்கள் மகளுக்கோ அவள் அம்மாவுக்கோ கவரிங் தோடு போட்டால் காது சிவந்து நீர் வடியுமா? அப்படியென்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தோலில் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உள்ளே வைத்த ஸ்டீலாலும் தொந்தரவு வரும் என்று நிரூபணம் இல்லை, இருந்தாலும் டைட்டானியம் கையில் இருக்கும்போது அந்தச் சோதனை எதற்கு.

அடுத்து, எடுக்க வேண்டுமா? இதில் மருத்துவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. எல்லோருக்கும் எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள் உண்டு, தொந்தரவு தராதவரை விடலாம் என்பவர்களும் உண்டு. எடுப்பதற்கான காரணங்கள் வலுவானவைதான். பிள்ளை தடிமனாக வளரும்போது எலும்பு பிளேட்டின் மேல் படிந்து, அது வருடாவருடம் உள்ளே புதைந்துகொண்டே போகும். பின்னால் அதே இடத்தில் இன்னொரு அறுவை வேண்டி வந்தால் புதைந்த பிளேட் வழியை மறிக்கும். மெலிந்த பிள்ளைக்கு ஒருக்களித்துப் படுக்கும்போது வெளிப்பக்கம் குத்தும், அந்த இடத்தில் தோல் சிவக்கும். பிளேட் முடிகிற இடத்தில் எலும்பு முறிவதும் உண்டு. மறுபக்கத்தில், எடுப்பது என்றால் இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு கீறல், எடுத்தபின் ஸ்க்ரூ ஓட்டைகள் நிரம்பும்வரை சில வாரம் எலும்பு பலவீனம். நெஞ்சுச் சளியும் வலிப்பும் அடிக்கடி வரும் பிள்ளைக்கு அந்த இன்னொரு மயக்கம் சின்ன விஷயம் இல்லை. நான் செய்வது என்னவென்றால், எலும்பு முழுதும் கூடி ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் எடுக்கலாமா வேண்டாமா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவெடுப்பேன். அதைத் தாண்டித் தள்ளிப்போடுவதில்லை. எடுக்கிறதாக இருந்தால் காலத்தோடு எடுக்க வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், வேறு ஓர் ஊரில் வைத்த டைட்டானியம் பிளேட்டை ஐந்து வருடம் கழித்து எடுக்கச் சொல்லி ஒரு பிள்ளையைக் கூட்டிவந்தார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு வரி எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு: "பிளேட் வைக்கப்பட்டது." எந்த நிறுவனம், என்ன உலோகம், ஸ்க்ரூவின் தலை அறுகோணமா நட்சத்திரமா, எதுவும் இல்லை. ஸ்க்ரூ தலைக்குப் பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருப்பினால் குழி மழுங்கிவிடும், அப்புறம் அது எதற்கும் வராது. மூன்று பெட்டித் திருப்புளிகளை வரவழைத்து வைத்துக்கொண்டு தொடங்கினோம். பிளேட் கண்ணுக்கே தெரியவில்லை, மேலே விரல் கனத்துக்கு எலும்பு மூடியிருந்தது. உளியால் செதுக்கி ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தேடி எடுத்தோம், ஒன்று உடைந்து முனை உள்ளேயே நின்றுவிட்டது, அதைத் தேடி எலும்பைத் தோண்டுவதைவிட விடுவதே மேல் என்று விட்டோம். முக்கால் மணி நேர வேலை மூன்று மணி நேரமானது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: டிஸ்சார்ஜ் சீட்டில் பிளேட்டின் நிறுவனம், உலோகம், கோண அளவு, ஸ்க்ரூவின் அளவுகள் எல்லாம் எழுதி வாங்குங்கள். பெட்டியோடு வந்த ஸ்டிக்கர் இருந்தால் அதை ஒட்டித் தரச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான லாக்கிங் பிளேட்டுகள் 100, 110, 150 டிகிரி என்று பல கோணங்களில் வருகின்றன, எந்தக் கோணத்துக்கு என்ன காரணம் என்று கேட்டாலும் உங்கள் மருத்துவர் மகிழ்ச்சியாகவே சொல்வார்.

உலோகத்தைப் பற்றி இவ்வளவு கேட்டீர்கள், ஆனால் அடுத்த ஆறு வாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கஷ்டம் அங்கேதான். சிலர் பிளேட்டின் பிடியை நம்பி, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து விட்டுவிடுவார்கள். சிலர் மார்புக்குக் கீழிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போடுவார்கள். கட்டு என்றால் கால்கள் அகல விரிந்து நிற்கும், ஆட்டோவில் ஏறாது. வீட்டுக்குக் கொண்டுபோக வேன் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முடிந்தால் சித்திரை வெயிலைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள், கட்டுக்குள் வியர்வையும் அரிப்பும் பிள்ளையைப் பாடாய்ப் படுத்தும். அரிக்கிறதே என்று சீப்பையோ குச்சியையோ உள்ளே விட வேண்டாம், அதில் வரும் புண் கட்டைப் பிரிக்கும்வரை தெரியாது. கட்டின் திறந்த இடத்துக்குள் சின்ன டயபரைச் செருகி அதன்மேல் பெரிய டயபரைக் கட்டினால் ஈரம் கட்டில் ஏறாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், குதிகாலில் எதுவும் அழுத்தாமல் பாருங்கள். முதல் ஒரு வாரம் தசைகள் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும், பிள்ளை துடிக்கும். அதற்குச் சாதாரண வலி மாத்திரை போதாது, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துத் தர வேண்டும். வார்டில் தயங்காமல் கேளுங்கள்.

கட்டைப் பிரிக்கிற நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த முதல் சில வருடங்களில் ஒரு பையனுக்கு இடுப்பு அழகாக அமைந்துவிட்டது, ஆறாம் வாரம் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினேன். நான்காம் நாள் திரும்ப வந்தார்கள், முழங்காலுக்கு மேலே தொடை எலும்பு முறிந்திருந்தது. யாரும் கீழே போடவில்லை. விறைத்துப்போன முழங்காலை மடக்கி உடை மாற்றியிருக்கிறார் அம்மா, அவ்வளவுதான். ஏற்கெனவே மெலிந்த எலும்பு, ஆறு வாரம் அசையாமல் கிடந்து இன்னும் மெலிந்திருந்தது. அந்த அம்மாவிடம் நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. தவறு என்னுடையது. அன்றிலிருந்து கட்டைப் பிரிக்கும் முன்பே பெற்றோரை உட்கார வைத்து, பிள்ளையைத் தூக்கும்போது ஒரு கை தொடைக்கு அடியிலும் ஒரு கை முதுகுக்கு அடியிலும் இருக்க வேண்டும், முழங்காலைப் பிடித்து மடக்கவோ முறுக்கவோ கூடாது, அது தானாகத் தளர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று செய்துகாட்டித்தான் அனுப்புகிறேன். பிசியோதெரபிஸ்ட்டிடமும் இதைச் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பே வைட்டமின் டி அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் சரிசெய்துகொண்டு போவதும் நல்லது.

உறுதியில்லாத சங்கதிகளையும் மறைக்காமல் சொல்கிறேன். சாய்த்து வைத்த கழுத்து வளர வளர மறுபடி நிமிரப் பார்க்கும், ஏனென்றால் இழுக்கும் தசைகளும் மூளையும் மாறவில்லை. வயது குறைவாக இருந்தாலும் நடமாடும் நிலை மோசமாக இருந்தாலும் இடுப்பு மறுபடி விலகும் வாய்ப்பு அதிகம். ஏழு வயது என்பது இதில் நடுத்தரம். கிண்ணத்தையும் சேர்த்துச் சரிசெய்தால் நிலைப்பது கூடுகிறது என்பது என் அனுபவம், பல மருத்துவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். இடது பக்கம் இன்னும் கிண்ணத்துக்குள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றைச் சரிசெய்தபின் மற்றது விலகுவது உண்டு, அதனால் சிலர் இரண்டையும் ஒரே நாளில் செய்வார்கள், சிலர் காத்திருந்து பார்ப்பார்கள். இடது பக்கத்தின் எண் என்ன, கடந்த ஒரு வருடத்தில் அது எவ்வளவு கூடியது என்று தெரிந்தால்தான் இதைப் பேச முடியும். இடுப்பைச் சரிசெய்தால் முதுகுத்தண்டு வளைவது நிற்குமா என்றும் கேட்பார்கள். அதற்கு ஆம் என்று சொல்லும் அளவுக்கு யாரிடமும் சான்று இல்லை, முதுகைத் தனியாகக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும், தமிழ்நாட்டில் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவைக்கு என்ன கிடைக்கும் என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். பிளேட்டை வெளியில் வாங்கித் தரச் சொன்னால் அதையும் பில்லோடு எழுதி வாங்குங்கள்.

அடுத்த முறை போகும்போது இதுவரை எடுத்த இடுப்பு எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். ஒற்றைப் படத்தில் 55 என்பது ஓர் எண். போன வருடம் 35, ஆறு மாதத்துக்கு முன் 45, இப்போது 55 என்று தெரிந்தால் காத்திருக்க நேரம் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே விளங்கிவிடும். எக்ஸ்ரே எடுக்கும்போது கால்களும் இடுப்பும் கோணாமல் நேராக இருந்தனவா என்றும் பாருங்கள், கோணலாக எடுத்த படத்தில் அந்த எண்ணே தப்பாக வரும். அப்புறம் அவளை எப்படித் தூக்குகிறீர்கள், எந்தப் பக்கம் படுத்தால் அழுகிறாள், டயபர் மாற்றும்போது கால் எவ்வளவு விரிகிறது என்பதைப் போனில் ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் அறையில் பயந்து இறுகிப்போகும் பிள்ளையிடம் அதைப் பார்க்க முடியாது. வீட்டில் உங்கள் மடியில் எடுத்த வீடியோவில் எனக்கு எத்தனையோ முறை எக்ஸ்ரேயில் தெரியாதது தெரிந்திருக்கிறது. இடது பக்கத்தின் எண் தெரிந்தால் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.